செயற்கை இதய வால்வுப் பூஞ்சைத் தொற்று

செயற்கை இதய வால்வுப் பூஞ்சைத் தொற்று என்பது, அறுவைச் சிகிச்சை மூலமோ குழாய் வழியாகவோ இதயத்தில் பொருத்தப்பட்ட செயற்கை வால்வின்மீது பூஞ்சைகள் பற்றி வளர்வதால் உண்டாகும் அரிதான, உயிராபத்து மிகுந்த நோயாகும். இது இதய உட்சவ்வழற்சி எனப்படும் நோயின் ஒரு வகை. இதய உட்சவ்வழற்சி பெரும்பாலும் பாக்டீரியாக்களாலேயே ஏற்படுகின்றது. பூஞ்சைகளால் ஏற்படுவது மொத்தத்தில் ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காடு மட்டுமே. செயற்கை வால்வு உடையோரைத் தனியே எடுத்துக்கொண்டால் இவ்விகிதம் இதைவிடக் கூடுதலாக உள்ளது. எண்ணிக்கையில் சிறிதாயினும் இதய உட்சவ்வழற்சி வகைகளுள் மிகுந்த உயிரிழப்பை ஏற்படுத்துவது இதுவே. நோயுற்றோரில் பாதிப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர்.

பூஞ்சையின் கொடிய தன்மை மட்டும் இதற்குக் காரணமன்று. பல நோயாளிகளில் நோய் காலங்கடந்தே அறியப்படுகின்றது. வழக்கமான குருதிச் சோதனையில் சில பூஞ்சைகள் சிக்குவதே இல்லை. சோதனை முடிவு "கிருமி எதுவும் இல்லை" என்று வரும் வேளையில் வால்வின்மேல் பூஞ்சை பெரும் திரளாக வளர்ந்துகொண்டிருக்கும்.

செயற்கை வால்வுகள்

மனித இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதி ஒரே திசையில் செல்வதை இவை உறுதி செய்கின்றன. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிப்பதால் வால்வுகளும் அத்தனை முறை திறந்து மூடுகின்றன. வாதக் காய்ச்சல், முதுமையில் ஏற்படும் சுண்ணப் படிவு, பிறவிக் குறைபாடு, முன்னர் ஏற்பட்ட தொற்று ஆகியவற்றால் இவை சிதையும்போது செயற்கை வால்வு தேவைப்படுகின்றது. மேலை நாடுகளில் வால்வு மாற்றம் பெரும்பாலும் முதியோர்க்கே செய்யப்படுகின்றது. தெற்காசியாவில் நிலைமை வேறு. சிறு வயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இங்கு இன்னும் ஒழியவில்லை. ஆகையால் இருபது, முப்பது வயதினரும் செயற்கை வால்வுடன் வாழ்கின்றனர்.

1952இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹஃப்னகல், நெகிழிப் பந்து கொண்ட வால்வு ஒன்றை இறங்கு பெருந்தமனியில் பொருத்தினார். இதயத்தின் உள்ளேயே வால்வைப் பொருத்துவது 1960இல் கைகூடியது. அவ்வாண்டில் டுவைட் ஹார்க்கன் பெருந்தமனி வால்வையும், அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டார் பொறியாளர் லோவல் எட்வர்ட்சுடன் இணைந்து உருவாக்கிய ஈரிதழ் வால்வையும் பொருத்தினர். கூண்டுக்குள் பந்து அமைந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு பல்லாண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. இந்தியாவில் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், ம. சா. வலியத்தான் தலைமையில், சாயும் வட்டு கொண்ட சித்ரா வால்வை உருவாக்கியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நெஞ்சைத் திறக்காமல் குருதி நாளம் வழியே குழாய் செலுத்திப் பெருந்தமனி வால்வு பொருத்தும் முறையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்தார்.

இன்றைய வால்வுகள் இருவகைப்படும். கரிமப் பூச்சு கொண்ட உலோக அல்லது கரிமத் தகடுகளால் ஆன பொறிமுறை வால்வுகள் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அவற்றில் குருதி உறைந்துவிடாதிருக்க வாழ்நாள் முழுதும் வார்பரின் போன்ற உறைவெதிர் மருந்தை உட்கொள்ள வேண்டும். பன்றியின் வால்வு அல்லது மாட்டின் இதய உறையிலிருந்து செய்யப்படும் திசு வால்வுகளுக்கு அத்தகைய மருந்து நீண்டகாலம் தேவைப்படுவதில்லை. ஆயினும் அவை காலப்போக்கில் தேய்ந்துவிடும். இரு வகையிலும் வால்வை இதயத்தோடு இணைக்க, பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியாலான தையல் வளையம் ஒன்று உண்டு. தொற்று பெரும்பாலும் தொடங்கும் இடம் இவ்வளையமே.

பூஞ்சை வால்வைப் பற்றும் விதம்

இயல்பான இதயத்தின் உட்புறம் வழவழப்பான உயிரணுப் படலத்தால் மூடப்பட்டிருப்பதால் குருதியில் மிதந்துவரும் கிருமிகள் எளிதில் ஒட்டுவதில்லை. புதிதாகப் பொருத்திய வால்வில் இப்படலம் இல்லை. அது குருதியைத் தொட்டதும் அதன்மேல் புரதங்களும், பைபிரின் இழைகளும், குருதிச் சிறுதட்டுகளும் படிகின்றன. இப்படிவு பூஞ்சைக்கு ஏற்ற மெத்தையாகிறது. சில மாதங்களில் உடலின் சொந்த உயிரணுக்கள் தையல் வளையத்தின்மீது வளர்ந்து ஓரளவு மூடுகின்றன. எனினும் வால்வு முழுவதும் ஒருபோதும் உடலின் பகுதியாகிவிடுவதில்லை.

பற்றிய பூஞ்சை தனித்தனி உயிரணுக்களாக இருப்பதில்லை. அது தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சேர்மங்களாலும் புரதங்களாலும் ஆன பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அடுக்கடுக்கான உயிர்ப்படலமாக வளர்கின்றது. குளத்துப் படிக்கட்டில் படியும் வழுக்குப் பாசியை இதற்கு ஒப்பிடலாம். மேலே நீர் ஓடினாலும் பாசி நகராது. மருந்தும் அவ்வாறே மேலோடு செல்கின்றது. ஆய்வுக்கூடக் குடுவையில் மிதக்கும் கேண்டிடாவைத் தடுக்கும் புளூகோனசோல் என்னும் மருந்து, அதே கேண்டிடா உயிர்ப்படலமாக வளர்ந்த பின் ஏறத்தாழப் பயனற்றுப் போகின்றது. குடுவைச் சோதனையில் "மருந்துக்குக் கட்டுப்படும்" என்று முடிவு வந்த பூஞ்சையும் வால்வின்மேல் கட்டுப்படாமல் இருப்பது இதனாலேயே.

வால்வின் அமைப்பும் உடலின் காவலுக்குத் தடையாக உள்ளது. செயற்கைப் பொருளுக்குள் குருதி நாளங்கள் இல்லை. வெள்ளையணுக்கள் உள்ளிருந்து வந்து தாக்க வழியில்லை. ஓடும் குருதியிலிருந்து மேற்பரப்பை மட்டுமே அவை அணுக முடியும். பூஞ்சைத் திரள் பாக்டீரியாத் திரளைவிடப் பொதுவாகப் பெரியதாகவும் எளிதில் பிய்ந்துவிடக் கூடியதாகவும் இருக்கும்.

நோய்க்காரணிகள்

1965 முதல் 1995 வரை உலக மருத்துவ இதழ்களில் வெளியான 270 பூஞ்சை இதய உட்சவ்வழற்சி நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. இயற்கை வால்வு, செயற்கை வால்வு ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய இத்தொகுப்பில் கேண்டிடா அல்பிகன்ஸ் 24 விழுக்காடும், ஏனைய கேண்டிடா இனங்கள் 24 விழுக்காடும், ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் 24 விழுக்காடும், ஹிஸ்டோபிளாஸ்மா 6 விழுக்காடும் காணப்பட்டன. எஞ்சியவற்றில் முன்னர் நோய்க்கிருமிகளாகவே கருதப்படாத பல பூஞ்சைகள் இருந்தன.

கேண்டிடா ஒரு மதுவ வகைப் பூஞ்சை. "வெண்மை" எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இது நலமாக உள்ளோரின் வாயிலும் குடலிலும் தோலிலும் தீங்கின்றி வாழ்கின்றது. குருதியோட்டத்தில் நுழைய வழி கிடைக்கும்போதே ஆபத்தாகின்றது. அல்பிகன்சுக்கு அடுத்தபடியாகச் செயற்கை வால்வுகளில் அடிக்கடி காணப்படும் கேண்டிடா பாராப்சிலோசிஸ் குறிப்பிடத்தக்கது. இது மனிதரின் கைகளில் தங்குகின்றது, நெகிழிப் பரப்புகளில் ஒட்டிக்கொள்கின்றது, சிரை வழி ஊட்டத்துக்குப் பயன்படும் சர்க்கரைச் செறிவான கரைசல்களில் வளர்கின்றது. 1997இல் வெளியான ஓர் ஆய்வு, இப்பூஞ்சையால் ஒரே காலப்பகுதியில் பலருக்குச் செயற்கை வால்வுத் தொற்று ஏற்பட்டதை விவரித்து, அறுவையின்போது கையுறைகள் கிழிந்தமையோடு அதைத் தொடர்புபடுத்தியது. 2009இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கு அடங்காததாலும் மருத்துவமனைப் பரப்புகளில் நீண்டநாள் உயிர்வாழ்வதாலும் அண்மை ஆண்டுகளில் கவலைக்குரியதாக உள்ளது. இந்திய மருத்துவமனைகளிலும் இது பரவியுள்ளது.

ஆஸ்பெர்ஜில்லஸ் இழைப் பூஞ்சை வகையைச் சேர்ந்தது. இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி 1729இல் இதை விவரித்தபோது, கத்தோலிக்கக் குருமார் புனித நீர் தெளிக்கும் கருவியின் வடிவை ஒத்திருந்ததால் அக்கருவியின் பெயரையே இட்டார். இதன் வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நாம் அனைவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். திறந்த நெஞ்சின்மீதோ வால்வின்மீதோ அவை விழுவது வேறு வகையான நிகழ்வு. கட்டட வேலைத் தூசு, பழுதுற்ற காற்று வடிகட்டிகள், காற்று உட்புகும் வழிகளில் தேங்கிய புறா எச்சம் ஆகியவை அறுவைக் கூடங்களில் இத்தொற்றுக்கு மூலங்களாக அறியப்பட்டுள்ளன. ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்று கேண்டிடாத் தொற்றைவிடக் கொடியது. அறுவை செய்யப்படாவிடில் உயிர்பிழைப்போர் மிக அரிது.

இவ்விரண்டுக்கும் அப்பால் வால்வுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூஞ்சைகளின் பட்டியல் வியப்பூட்டுவது. மண்ணிலும் அழுகும் தாவரங்களிலும் வாழும் பெசிலோமைசிஸ் இதய அறுவைக்குப் பின் உட்சவ்வழற்சியை ஏற்படுத்தியது 1963இலேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து அறிவிக்கப்பட்டது. நகச்சொத்தைக்குக் காரணமாகும் ஸ்கோப்புலேரியாப்சிஸ், பயிர்களிலும் புற்களிலும் காணப்படும் கர்வுலேரியா, பைப்போலாரிஸ் போன்ற கரும்பூஞ்சைகள், டிரைக்கோஸ்போரான், எக்சோபியாலா ஆகியனவும் பதிவாகியுள்ளன. ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் மதுவமான சாக்கரோமைசிஸ் செரிவிசியேகூட இப்பட்டியலில் உண்டு. பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா, அமெரிக்காவின் ஒகையோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் இந்தியாவின் கங்கைச் சமவெளியிலும் காணப்படுகின்றது. இது அறுவையின்போது நுழைவதன்று. மூச்சு வழியே நுரையீரலை அடைந்து, பின்னர் குருதி வழியே வால்வைச் சேர்கின்றது.

தொற்று ஏற்படும் சூழல்

பூஞ்சை வால்வை அடையும் வழிகள் இரண்டு. அறுவையின்போதோ அதையடுத்த நாட்களிலோ நேரடியாகச் சேர்வது ஒன்று. பின்னாளில் உடலின் வேறோரிடத்திலிருந்து குருதி வழியே வருவது மற்றொன்று. பொதுவாக அறுவைக்குப் பின் ஓராண்டுக்குள் தோன்றுவது முற்காலத் தொற்று எனவும் அதன்பின் தோன்றுவது பிற்காலத் தொற்று எனவும் குறிக்கப்படுகின்றன. பழைய நூல்களில் இவ்வெல்லை 60 நாட்கள். பூஞ்சைகளைப் பொறுத்தவரை இப்பாகுபாடு அவ்வளவாக உதவுவதில்லை. மெதுவாக வளரும் பூஞ்சையொன்று அறுவை மேசையிலேயே நுழைந்திருந்தும் பல மாதங்கள் கழித்து வெளிப்படக்கூடும்.

இரண்டாவது வழியில் நிகழ்வனவற்றின் போக்கு பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். வால்வு மாற்றிய நோயாளி வேறு சிக்கலால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்டநாள் தங்குகிறார். பெருஞ்சிரையில் குழாய் செருகப்பட்டுள்ளது. ஊட்டமும் அதன்வழியே செல்கின்றது. பல்வகைப் பாக்டீரியாக்களைக் கொல்லும் எதிர்மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவை குடலின் இயல்பான பாக்டீரியாக்களையும் அழிப்பதால் கேண்டிடா தடையின்றிப் பெருகுகின்றது. குடற்சுவர் வழியாகவோ குழாய் வழியாகவோ அது குருதியில் புகுகின்றது. சிறுநீரக நோய்க்கான குருதிச் சுத்திகரிப்பு, நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்துகள், ஊசிவழிப் போதைப்பழக்கம் ஆகியவை வாய்ப்பை மேலும் கூட்டுகின்றன.

இவ்வகையில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. செயற்கை வால்வு உடையோராக இருந்து, மருத்துவமனையில் குருதியில் கேண்டிடா கண்டறியப்பட்ட 44 நோயாளிகளை அவ்வாய்வு பின்தொடர்ந்தது. அவர்களுள் 7 பேருக்கு அப்போதே வால்வுத் தொற்று இருந்தது. மேலும் 4 பேருக்குப் பின்னாளில், சராசரியாக 232 நாட்கள் கழித்து, வால்வுத் தொற்று வெளிப்பட்டது. அதாவது நால்வரில் ஒருவர். குழாயை எடுத்துவிட்டோம், காய்ச்சல் நின்றுவிட்டது, குருதியும் தூய்மையாகிவிட்டது என்று அனுப்பப்பட்டோரும் இவர்களுள் அடங்குவர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அறிகுறிகள்

தொடக்க அறிகுறிகள் பொதுவானவை: விட்டு விட்டு வரும் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, எடைக்குறைவு, இரவு வியர்வை. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். மேற்சொன்ன 270 நிகழ்வுகளின் தொகுப்பில், மருத்துவமனையை அடைவதற்கு முன் அறிகுறிகள் நீடித்த காலம் சராசரியாக 32 நாட்கள். 82 விழுக்காட்டினரில் நோய் தாமதமாகவோ தவறாகவோ கணிக்கப்பட்டிருந்தது. நம் நாட்டுச் சூழலில் நீடித்த காய்ச்சல் என்றதும் குடற்காய்ச்சல், மலேரியா, காசநோய் ஆகியவை முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. அதனால் செயற்கை வால்வு உடையவர் தமக்கு அவ்வால்வு இருப்பதை எந்த மருத்துவரிடமும் முதலிலேயே சொல்வது இன்றியமையாதது.

வால்வு சரியாக மூடாதபோதோ திரளால் அடைபடும்போதோ மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் தோன்றும். தையல் வளையத்தைச் சுற்றிச் சீழ்க்கட்டி உண்டாகி, இதயத்தின் மின்கடத்தும் பாதையை அரித்தால் துடிப்பு தடைப்படும். பெருந்தமனி வால்வு இப்பாதைக்கு மிக அருகில் அமைந்துள்ளதால் அங்கு இது கூடுதலாக நிகழ்கின்றது.

இந்நோய்க்கே சிறப்பாக உரிய அறிகுறி, பெரிய தமனிகளில் ஏற்படும் திடீர் அடைப்பு ஆகும். பாக்டீரியாத் திரளிலிருந்து பிரியும் துணுக்குகள் பெரும்பாலும் சிறு நாளங்களிலேயே சிக்குகின்றன. பூஞ்சைத் திரளின் துணுக்குகளோ தொடைத் தமனியையே அடைக்குமளவு பெரியவை. நேற்றுவரை நடமாடிய ஒருவரின் கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, தாங்கவொண்ணா வலி எடுக்கும். மூளையின் தமனி அடைபட்டால் பக்கவாதம் ஏற்படும். கேண்டிடாத் தொற்றில் விழித்திரையில் வெண்ணிறப் பஞ்சுப் புள்ளிகள் தோன்றலாம். பார்வை மங்குவதே முதல் முறையீடாக இருப்பதும் உண்டு.

இங்கு ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். இதயத் தொற்றின் விளைவாகத் தமனிச் சுவர் நலிந்து பலூன்போல் புடைப்பதை ஆங்கில மருத்துவ நூல்கள் "பூஞ்சைத் தமனிப் புடைப்பு" எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றன. 1885இல் வில்லியம் ஆஸ்லர், அதன் தோற்றம் காளானை ஒத்திருந்ததால் அப்பெயரைப் பயன்படுத்தினார். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை பாக்டீரியாவால் ஏற்படுவன. மாணவர்கள் பெயரை மட்டும் கண்டு பூஞ்சை எனக் கொள்ளலாகாது.

நோயறிதல்

இதய உட்சவ்வழற்சியை உறுதி செய்வதற்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1994இல் வகுத்த அளவுகோல்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. குருதி வளர்ப்புச் சோதனையும் எக்கோ எனப்படும் மீயொலிப் படமும் அவற்றின் இரு தூண்கள். தொடக்க அளவுகோல்கள் பாக்டீரியாக்களை மனத்திற் கொண்டே அமைந்தன. 2023இல் வெளியான திருத்தத்தில்தான், இதயத்துள் செயற்கைப் பொருள் உடையோரைப் பொறுத்தவரை, கேண்டிடாவும் வழக்கமான நோய்க்கிருமிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

கேண்டிடா வழக்கமான குருதி வளர்ப்புக் குடுவைகளிலேயே பெரும்பாலும் சில நாட்களில் வளர்ந்துவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் அவ்வாறன்று. வால்வில் பெருந்திரளாக இருக்கும்போதும் குருதியில் அது வளர்வது மிக அரிது. ஹிஸ்டோபிளாஸ்மா வளர வாரக்கணக்கில் ஆகும். குடுவைகள் வழக்கப்படி ஐந்து நாட்களில் அகற்றப்பட்டால் அது புலப்படாது. ஆகவே செயற்கை வால்வு உடையவருக்குத் திரளும் காய்ச்சலும் இருந்து, குருதி வளர்ப்பு மீண்டும் மீண்டும் எதிர்மறையாக வந்தால், அவ்வெதிர்மறை முடிவே பூஞ்சையை ஐயுறுவதற்கான ஒரு காரணமாகும்.

குருதியில் பூஞ்சைச் சுவரின் கூறுகளைத் தேடும் சோதனைகள் உள்ளன. கேலக்டோமன்னன் சோதனை ஆஸ்பெர்ஜில்லசைக் குறிக்கும். பீட்டா குளுக்கன் சோதனை பல பூஞ்சைகளுக்குப் பொதுவானது. ஆயினும் அறுவையில் பயன்பட்ட பஞ்சுத்துணி, குருதிச் சுத்திகரிப்பில் பயன்படும் சிலவகைச் சவ்வு ஆகியவற்றாலும் பொய்யாக நேர்மறை காட்டக்கூடும். இதய அறுவை முடிந்த சில நாட்களில் வரும் முடிவை எச்சரிக்கையுடன் நோக்கவேண்டியது இதனாலேயே. ஹிஸ்டோபிளாஸ்மாவுக்குச் சிறுநீர்ச் சோதனை உண்டு. நெஞ்சின்மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் உலோக வால்வின் நிழல் திரளை மறைத்துவிடும். எனவே உணவுக்குழாய் வழியே கருவியைச் செலுத்தி எடுக்கும் எக்கோவே இங்கு ஏற்றது. அதிலும் தெளிவின்றேல் சி. டி., கதிரியக்கச் சர்க்கரை கொண்டு எடுக்கும் பெட் படம் ஆகியவை வளையத்தைச் சுற்றியுள்ள அழற்சியைக் காட்டக்கூடும்.

இவையனைத்திலும் உறுதியான சான்று திசுவே. தொடைத் தமனியிலிருந்து அறுவை மூலம் எடுக்கப்படும் அடைப்புத் துணுக்கு, மார்புக்குள் செல்லாமலே வால்வின் ஒரு பகுதி கையில் கிடைத்ததற்கு ஒப்பாகும். அதை வெறும் குருதிக்கட்டி எனக் கருதி எறிந்துவிடுவதால் நோயறியும் வாய்ப்பு பறிபோன நிகழ்வுகள் உண்டு. முழுத் துணுக்கையும் பார்மலினில் இட்டுவிடுவதும் தவறே. பார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடுவதால் வளர்ப்புச் சோதனை இயலாது போகும். ஒரு பகுதி பார்மலினிலும் மற்றொரு பகுதி கிருமிநீக்கிய உப்பு நீரிலும் அனுப்பப்பட வேண்டும். வெள்ளிச் சாயமிட்ட திசுவில் பூஞ்சை கருநிறமாகத் தெரியும். குறுக்குச் சுவர்களுடன் கூரிய கோணத்தில் கிளைக்கும் இழைகள் ஆஸ்பெர்ஜில்லசை நினைவூட்டுவன. அகன்ற, குறுக்குச் சுவர் அரிதான இழைகள் மியூக்கர் வகையைக் குறிப்பன. மொட்டுவிடும் மதுவ உயிரணுக்களும் பொய்யிழைகளும் கேண்டிடாவின் அடையாளம். மியூக்கர் ஐயம் இருந்தால் திசுவை அரைக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கியே வளர்க்கவேண்டும். அரைத்தால் அதன் மென்மையான இழைகள் சிதைந்து வளராது போகும். இவை ஆய்வுக்கூட நுணுக்கங்களாகத் தோன்றினாலும் எந்த மருந்தைக் கொடுப்பது என்பது இவற்றைக் கொண்டே முடிவாகின்றது.

சிகிச்சை

பாக்டீரியாவின் உயிரணு மனித உயிரணுவிலிருந்து பெரிதும் வேறுபட்டது. எனவே ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் காக்கும் மருந்துகள் பல உள. பூஞ்சையோ, மனிதரைப்போல, உட்கரு கொண்ட உயிரணுக்களால் ஆனது. இரண்டுக்குமிடையே தாக்குவதற்குரிய வேறுபாடுகள் சிலவே: பூஞ்சையின் மென்சவ்வில் கொலஸ்டிராலுக்குப் பதில் எர்கோஸ்டிரால் உள்ளது, மனித உயிரணுவுக்கு இல்லாத குளுக்கன் சுவர் பூஞ்சைக்கு உண்டு. இன்றைய பூஞ்சை எதிர்மருந்துகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றையே குறிவைக்கின்றன.

ஆம்போடெரிசின் பி, வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1950களில் பெறப்பட்டது. இது எர்கோஸ்டிராலைப் பற்றிப் பூஞ்சையைக் கொல்கின்றது. ஆனால் சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிப்பது. குளிர்நடுக்கத்தையும் பொட்டாசியக் குறைவையும் உண்டாக்குவது. கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த வடிவம் இக்கேடுகளைக் குறைத்தது. ஆயினும் விலை கூடியது. 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் மியூக்கர் தொற்று பெருகியபோது இம்மருந்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு பலருக்கும் நினைவிருக்கும். 2001இல் பயன்பாட்டுக்கு வந்த காஸ்போபங்கினும் அதன் வகையைச் சேர்ந்த மைக்காபங்கின், அனிடுலாபங்கின் ஆகியனவும் குளுக்கன் சுவரைத் தாக்குகின்றன. கொழுப்பில் பொதிந்த ஆம்போடெரிசினும் இவ்வகை மருந்துகளும் உயிர்ப்படலத்தில் செயல்படக் கூடியவை. ஆகையால் கேண்டிடா வால்வுத் தொற்றில் இவையே முதலில் கொடுக்கப்படுகின்றன. ஆம்போடெரிசினுடன் புளூசைட்டோசின் சேர்க்கப்படுவதும் உண்டு. ஆஸ்பெர்ஜில்லசுக்கு வோரிகோனசோல் முதன்மை மருந்து.

மருந்து மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. தொற்றுற்ற வால்வை அகற்றி, சுற்றியுள்ள சீழையும் அழுகிய திசுவையும் நீக்கி, புதிய வால்வு பொருத்துவதே நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படும் வழி. ஒருமுறை திறந்து தைத்த நெஞ்சை மீண்டும் திறப்பது, அதுவும் மூளையில் அடைப்பு ஏற்பட்டு நலிந்த ஒருவருக்குச் செய்வது, எளிதன்று. புதிதாகப் பொருத்தும் வால்வும் செயற்கைப் பொருளே. எஞ்சிய பூஞ்சை அதையும் பற்றலாம். அறுவைக்கும் அறுவையின்மைக்கும் உள்ள இரு ஆபத்துகளையும் எடைபோட்டு, இதய அறுவை மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர், நுண்ணுயிரியலாளர் ஆகியோர் கூடி முடிவெடுக்க வேண்டியுள்ளது. ஆஸ்பெர்ஜில்லசில் அறுவையின் தேவை குறித்துக் கருத்து வேறுபாடு இல்லை. கேண்டிடாவில், அறுவையைத் தாங்க இயலாத சிலர் நீண்டகால மருந்தால் உயிர்வாழ்ந்துள்ளனர். அண்மைய சில ஆய்வுகளில் அறுவை செய்தோருக்கும் செய்யாதோருக்கும் இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. எனினும் இவ்வொப்பீட்டை அப்படியே ஏற்க இயலாது. யாருக்கு அறுவை செய்வது என்பது குலுக்கல் முறையில் முடிவாவதன்று. உடல்நிலையைப் பார்த்தே முடிவாகின்றது.

அமெரிக்கத் தொற்றுநோய்க் கழகத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல்படி, கேண்டிடாத் தொற்றில் வால்வு மாற்றியபின் குறைந்தது ஆறு வாரங்கள் மருந்து தொடரவேண்டும். செயற்கை வால்வு உடையோர் அதன்பின்னும் புளூகோனசோலைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். பெரும்பாலானோருக்கு இது வாழ்நாள் மருந்தாகின்றது. காரணம், உயிர்பிழைத்தோரில் 30 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டும் வந்ததாக 2001ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டியது.

வாழ்நாள் மருந்தின் சுமை பாடநூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. பொறிமுறை வால்வு உடையவர் ஏற்கெனவே வார்பரின் உட்கொள்பவர். புளூகோனசோலும் வோரிகோனசோலும் வார்பரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. அதே அளவு வார்பரின் இப்போது உடலில் கூடுதலாகத் தங்கும். குருதி உறையும் நேரத்தைக் காட்டும் ஐ. என். ஆர். அளவு ஏறும், ஈறிலோ குடலிலோ மூளையிலோ குருதிக்கசிவு நேரலாம். பூஞ்சை மருந்தைத் தொடங்கும்போது வார்பரின் அளவைக் குறைத்து அடிக்கடி சோதிப்பதும், அம்மருந்தை நிறுத்தும்போது மறுபடி கூட்டுவதும் தேவை. நிறுத்தியதைச் சொல்லாமல் விட்டால் வார்பரின் போதாமல் வால்வில் குருதி உறையும். வோரிகோனசோலை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோரின் தோல் வெயிலைத் தாங்காது. தோல் புற்று வாய்ப்பும் கூடும். வயலிலோ தெருவிலோ வேலை செய்பவர்க்கு இது சிறிய செய்தியன்று. கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு வார்பரினும் இவ்வகை மருந்துகளும் கருவைப் பாதிக்கக் கூடியவை.

நோயின் போக்கு

270 நிகழ்வுகளின் தொகுப்பில் மொத்த இறப்பு விகிதம் 72 விழுக்காடு. 1974க்கு முன் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த உயிர்பிழைப்பு, தொகுப்பின் பிற்பகுதியில் 41 விழுக்காடாக உயர்ந்தது. இம்முன்னேற்றம் எக்கோ பயன்பாட்டுக்கு வந்ததோடும், மருத்துவர்கள் பூஞ்சையை முன்கூட்டியே ஐயுறத் தொடங்கியதோடும் பொருந்தி வருவதாக ஆய்வாளர்கள் கருதினர். 1988க்கு முன் 43 விழுக்காட்டினரில் மட்டுமே அறுவைக்கு முன்னரே நோய் அறியப்பட்டது. அதன்பின் இது 72 விழுக்காடாயிற்று. கேண்டிடாத் தொற்று, ஒரே வால்வு பாதிப்பு, மருந்துடன் அறுவையும் பெற்றமை ஆகியவை உயிர்பிழைத்தோரில் கூடுதலாகக் காணப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் முதன்முதலாக வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா அல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் ஆகிய மூன்றும் மிக இன்றியமையாத பிரிவில் இடம்பெற்றன.

தடுப்பு

பல் பிடுங்குவதற்கு முன் செயற்கை வால்வு உடையோர்க்குக் கொடுக்கப்படும் எதிர்மருந்து பாக்டீரியாவுக்கு உரியது. பூஞ்சையிலிருந்து அது காப்பதில்லை. பூஞ்சைத் தடுப்பு பெரும்பாலும் மருத்துவமனையின் ஒழுங்கைச் சார்ந்தது: அறுவைக் கூடத்தில் நுண்வடிகட்டிய காற்று, அருகில் கட்டட வேலை நடக்கும்போது தூசு புகாத மறைப்பு, கிழிந்த கையுறையை உடன் மாற்றுதல், கைகழுவுதல், தேவை முடிந்த சிரைக்குழாயை அன்றே அகற்றுதல், காரணமின்றிப் பல்வகை எதிர்மருந்துகளைத் தொடராதிருத்தல். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் சாக்கரோமைசிஸ் மதுவப் பொடியை, பெருஞ்சிரைக் குழாய் உடைய நோயாளிகளுக்குத் தவிர்க்கவேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது காற்றில் பரவும் மதுவம் செவிலியரின் கை வழியே குழாயில் சேர்ந்து குருதியில் புகுந்தமை பதிவாகியுள்ளது.

செயற்கை வால்வு உடைய ஒருவரின் குருதியில் ஒருமுறை கேண்டிடா கண்டறியப்பட்டால், உணவுக்குழாய் வழி எக்கோவும் கண் பரிசோதனையும் செய்யப்படுகின்றன. அவை இயல்பாக இருந்தாலும் அவர் பல மாதங்கள் கண்காணிப்பில் வைக்கப்படவேண்டும். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது கொடுக்கப்படும் சுருக்க அறிக்கையில் இச்செய்தி இடம்பெறுவது நல்லது; ஏனெனில் எட்டு மாதங்கள் கழித்து வரும் காய்ச்சலை வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் காண நேரலாம்.